படகு இழுக்க பழைய டிராக்டரா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் மணல்ல ஓட்டிப் பாருங்க!

திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரை நம் மாநிலத்தில் 14 கடலோர மாவட்டங்கள். துறைமுகமோ தூண்டில் வளைவோ இல்லாத மீனவக் கிராமங்களில், கடலுக்குப் போய் வந்த ஃபைபர் படகை மணல் மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும். முன்பு பத்து, பதினைந்து பேர் தோள் கொடுத்துத் தள்ளிய வேலையை இப்போது பல கரைகளில் டிராக்டர் செய்கிறது. புது டிராக்டர் விலைக்கு எல்லோராலும் போக முடியாது. அதனால் நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து செகண்ட் ஹேண்ட் வண்டி தேடுகிறார்கள்.

இங்கேதான் கவனம் தேவை. ரோட்டில் நல்லா ஓடுற வண்டி, மணலில் படகை இழுக்கும் என்று சொல்ல முடியாது. நல்லா இழுக்கிற வண்டிக்கும் பேப்பர் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்ததை டெல்டா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு எச்சரிக்கை வரும் நாளில்தான் கரையில் இருக்கிற எல்லாப் படகையும் ஒரே மூச்சில் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். அன்றைக்கு ஸ்டார்ட் ஆகாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும் நஷ்டம்தான்.

பழைய வண்டி வாங்குவதற்கு முன் எதைப் பார்க்கணும், எதை போனில் சரிபார்க்கணும், பெயர் மாற்றம் எப்படிச் செய்யணும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல்ல எடைக் கணக்கு போடுங்க

எத்தனை எச்.பி. வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு எடையை, எந்தத் தரையில் இழுக்கப் போகிறோம் என்று கேளுங்கள். படகின் எடை மட்டும் போதாது. என்ஜின், வலை, ஐஸ் பெட்டி, மீன், டீசல் கேன் எல்லாம் சேரும். காய்ந்த வலையை விட நனைந்த வலை கனம். படகுக்குள் தேங்கிய தண்ணீரையும் மறக்காதீர்கள். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. 200 லிட்டர் தேங்கியிருந்தால் 200 கிலோவைக் கூடுதலாக இழுக்கிறோம். இழுப்பதற்கு முன் தண்ணீரை வெளியேற்றுவது செலவில்லாத முதல் வழி.

அடுத்து தரை. காய்ந்த மணல், ஈர மணல், சரிவு ஆகிய மூன்றும் வேறு வேறு. மணலில் என்ஜின் பவரை விட, பின் சக்கரம் தரையைப் பிடிக்கிறதா என்பதுதான் முக்கியம். பிடிப்பு இல்லையென்றால் 50 எச்.பி. வண்டியும் நின்ற இடத்திலேயே குழி தோண்டும். 35 முதல் 40 எச்.பி. வரையுள்ள சாதாரண டிராக்டரின் எடை சுமார் 2 டன்னோ, அதற்குக் கொஞ்சம் குறைவோ இருக்கும். அந்த எடை பின் சக்கரத்தில் இறங்குவதால்தான் அது இழுக்கிறது. அதனால் எச்.பி.யோடு சேர்த்து வண்டியின் எடை, பின் டயரின் அகலம், டயர் பட்டைகளின் உயரம் எல்லாவற்றையும் பாருங்கள்.

டிராக்டரா, பிக்கப்பா?

"பிக்கப் வாங்கினா மீனும் ஏத்தலாம், படகும் இழுக்கலாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். மணலில் இது பெரும்பாலும் சரிவராது. பின் சக்கரத்தில் ஓடும் பிக்கப்பில் சரக்கு இல்லையென்றால் பின்பக்கம் லேசாக இருக்கும். சக்கரம் சுற்றும், வண்டி நகராது.

படகை டிரெய்லரில் வைத்து தார் ரோட்டில் ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதுதான் உங்கள் தேவை என்றால் பிக்கப் பொருந்தும். அப்போதும் அந்த மாடல் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் கையேட்டைப் பாருங்கள். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். வண்டியின் ஆர்.சி. டிரெய்லருக்குச் செல்லாது.

நாலு சக்கரமும் இழுக்கும் டிராக்டர் மணலுக்கு நல்லதுதான். ஆனால் அதில் முன் அச்சிலும் கியர், சீல் எல்லாம் உண்டு. உப்புத் தண்ணீர் புகும் இடங்களும், பராமரிப்புச் செலவும் கூடும். பழைய வண்டியில் முன் அச்சு சரியாக வேலை செய்தால் மட்டும் அதற்குக் கூடுதல் விலை கொடுங்கள்.

உப்பு எங்கே ஒளிஞ்சிருக்கும்?

வயலில் ஓடிய டிராக்டருக்கும் கரையில் ஓடிய டிராக்டருக்கும் வித்தியாசம் கீழே குனிந்து பார்த்தால்தான் தெரியும். புது பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். துருவை மறைக்கவும் பெயின்ட்தான் அடிப்பார்கள்.

ரிம்: சக்கர ரிம்மின் உள்பக்கம், போல்ட்டைச் சுற்றிய இடம். ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். தகடு தகடாக உதிர்ந்தால் ரிம் மாற்ற வேண்டிவரும்.

ரேடியேட்டர்: உப்புக்காற்று பட்ட ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் விரல் பட்டாலே பொடியாகும்.

ஒயரிங்: செல்ஃப் மோட்டார், டைனமோ, பேட்டரி முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா? ஸ்டார்ட்டிங் தொல்லை பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கும்.

பின் கொக்கி: டிராபாரில் பின் செருகும் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, இழுத்து இழுத்து முட்டை வடிவமாகிவிட்டதா? அதைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருந்தால், வண்டி அளவுக்கு மீறி இழுத்திருக்கிறது என்று அர்த்தம்.

இணைப்புகள்: என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிவோ விரிசலோ இருந்தால் வாங்காதீர்கள்.

கியர் ஆயில்: படகைத் தள்ள, இழுக்க டிராக்டர் தண்ணீரில் இறங்கியிருக்கும். சீல் பழுதானால் உள்ளே தண்ணீர் போகும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்னும் உறுதியாகத் தெரிய, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். தண்ணீர் ஆயிலை விடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் சொட்டும். இதை மெக்கானிக் கையால் செய்யச் சொல்லுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. அந்தப் பகுதி வண்டி என்றால், வெள்ளத்தில் நின்றதா, இன்சூரன்ஸில் கிளெய்ம் வாங்கினார்களா என்று நேரடியாகக் கேளுங்கள்.

ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் முறை

போனதும் என்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து பார்த்தால்தான் உண்மை தெரியும். முதலில் கொஞ்சம் புகை வருவது சகஜம். சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சும்மா நிற்கும்போதே கரும்புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை.

ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குப் குப் என்று புகை அடித்தால், மெக்கானிக்குகள் சொல்லும் பேக் கம்ப்ரஷன் அதுதான். என்ஜின் வேலைக்குப் பெரிய தொகை ஒதுக்க வேண்டியிருக்கும்.

கிளட்சுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. சமதளத்தில், முன்னால் ஆள் யாரும் இல்லாத இடத்தில், பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு பெரிய கியரில் கிளட்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். என்ஜின் திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் நழுவுகிறது. படகு இழுக்கும் வண்டிக்கு முதலில் தேய்வது இதுதான்.

டிராக்டரில் வலது, இடது சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் பெடல் இருக்கும். இரண்டும் ஒரே அளவு பிடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொண்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். ரோட்டில் ஓட்டும்போது அது கட்டாயம் பூட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் திடீர் பிரேக்கில் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிவிடும்.

மீட்டரில் குறைந்த மணி நேரமே ஓடியதாகக் காட்டுகிறது, ஆனால் பெடல் ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருக்கிறது. அப்படியானால் மீட்டரை நம்பாதீர்கள்.

மணல் சோதனையை விட்டுக்கொடுக்காதீங்க

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். விற்பவர் சம்மதத்தோடு வண்டியைக் கரைக்குக் கொண்டுவந்து, உங்கள் படகையே கட்டி இழுத்துப் பாருங்கள். ஒரு தடவை போதாது. அரை மணி நேரம் வேலை வாங்குங்கள். பிறகு மூன்று விஷயம் பாருங்கள்: டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா, கிளட்ச் கருகல் வாசனை வருகிறதா, அடியில் புதுசாக ஆயில் சொட்டுகிறதா. வண்டி தூரத்தில் இருந்தால் பக்கத்தில் ஏதாவது மணல் பாதையில், சரக்கு ஏற்றிய டிரெய்லரைக் கட்டிப் பாருங்கள். இதற்கு விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

சோதனையின்போதும், வாங்கிய பிறகும் பாதுகாப்பு முக்கியம். கயிற்றைக் கீழே உள்ள டிராபாரில்தான் கட்ட வேண்டும். அச்சுக்கு மேலேயோ, சீட்டுக்குப் பின்னாலோ உயரமாகக் கட்டினால், படகு சிக்கும் நேரத்தில் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிப் பின்னோக்கிக் கவிழலாம். அது நடக்க ஒன்றிரண்டு விநாடி போதும், ஓட்டுபவரால் குதிக்கக்கூட முடியாது. கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி அடிக்கும். கயிறு போகும் நேர்கோட்டிலும், படகுக்கும் வண்டிக்கும் நடுவிலும் யாரும் நிற்கக் கூடாது. மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

போனில் 10 நிமிஷம்: பேப்பர் சரியா?

வண்டி பிடித்துவிட்டதா? பணப்பையைத் திறப்பதற்கு முன் போனைத் திறங்கள். எம்பரிவாகன் செயலியிலோ, பரிவாகன் இணையதளத்திலோ வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

1. பதிவு தேதியும் செல்லுபடிக் காலமும்: வாடகை, சரக்கு வகை அல்லாத வண்டிகளின் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். பதிவு முடியும் தறுவாயில் உள்ள வண்டிக்கு இந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

2. வகை: ஆர்.சி.யில் விவசாய டிராக்டர் என்று இருக்கிறதா, வணிகப் பயன்பாடு என்று இருக்கிறதா? விவசாயத்துக்கென்று பதிவான வண்டியைப் படகு இழுக்க வாடகைக்கு விட்டால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் நிறுவனம் கேள்வி எழுப்பலாம். வாங்குவதற்கு முன்பே உங்கள் பயன்பாட்டைச் சொல்லி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேளுங்கள். நிறுவனத்தின் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

3. கடன்: ஆர்.சி.யில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் பதிவு இன்னும் நீங்கவில்லை. "கடன் முடிச்சாச்சு" என்ற வாய்வார்த்தை போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும்.

4. இன்சூரன்ஸ்: முடிந்துபோயிருந்தால் வண்டியை எடுக்கும் முன் போடுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. விபத்து நடந்தால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

5. அபராத பாக்கி: இ-சலான் நிலுவை இருந்தால் விற்பவரே கட்டட்டும்.

6. சேசிஸ் எண், என்ஜின் எண்: ஆர்.சி.யில் உள்ளதை வண்டியில் அடித்துள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். துரு பிடித்துப் படிக்க முடியவில்லையென்றால் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். தேய்த்து அழித்த தடம், புதிதாக அடித்த தடம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பெயர் மாற்றம்: தள்ளிப்போடவே கூடாத வேலை

"நம்ம ஊர்க்காரர்தானே, மெதுவா மாத்திக்கலாம்" என்று பல வருடம் பழைய ஓனர் பெயரிலேயே வண்டி ஓடுவது உண்டு. இதில் இரண்டு பேருக்கும் ஆபத்து.

விற்றவர் பெயர் பதிவில் இருக்கும்வரை, சட்டத்தின் பார்வையில் அவர்தான் உரிமையாளர். வண்டி பல கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்கியவருக்கோ, வண்டி சேதமானால் கிளெய்ம் கிடைப்பதில் சிக்கல், மறுபடி விற்பதிலும் சிக்கல்.

நடைமுறை இதுதான். விற்பவர் 14 நாளுக்குள் படிவம் 29-ல் தகவல் தர வேண்டும். வாங்குபவர் 30 நாளுக்குள் படிவம் 30-ல் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

விண்ணப்பத்தை பரிவாகன் தளத்தில் தொடங்கலாம். வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணின் கடைசி 5 எழுத்துகளையும் போட்டால், பதிவில் உள்ள மொபைல் எண்ணுக்கு ஓடிபி வரும். விற்பவரின் எண் பழசாகிப் போயிருந்தால் வேலை அங்கேயே நிற்கும். அதனால் முழுப் பணம் கொடுப்பதற்கு முன்பே, விற்பவரின் தற்போதைய எண் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சேர்ந்து வாங்கினால், ஆர்.சி. ஒருவர் பெயரில் இருக்கும்போது மற்றவர் பங்கு எங்கேயும் தெரியாது. யார் எவ்வளவு போட்டார்கள், ரிப்பேர் செலவு எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினால் என்ன தொகை, புயல் நேரத்தில் எந்த வரிசையில் இழுப்பது என்பதை முத்திரைத்தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பிற்பாடு வரும் பகையை விட இந்தச் செலவு குறைவு.

ஆன்லைன் விளம்பரத்தைப் பார்த்து வாங்குறீங்களா?

சந்தை விலையில் பாதிக்கு வண்டி, "நான் ராணுவத்தில் இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அட்வான்ஸ் அனுப்புங்க, வண்டி பார்சல்ல வரும்" என்று பேச்சு வந்தால் அது தெரிந்த மோசடி. வண்டியையும் ஆளையும் நேரில் பார்க்காமல் 1 ரூபாய் கூட அனுப்பாதீர்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையில்லை. "ஆர்டிஓ சலான்", "பரிவாகன்" என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் திறக்கவே வேண்டாம். செயலியை பிளே ஸ்டோரில் இருந்து மட்டும் இறக்குங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் கேள்விகள்

காரைக்கால் அல்லது புதுச்சேரி பதிவு வண்டி வாங்கலாமா?
வாங்கலாம். அங்குள்ள பதிவு அலுவலகத்தில் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். இங்கே வரி, மறுபதிவுச் செலவு எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

ஓனர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார். சரியா?
முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். வாரிசு படிவம் 31-ல் விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்றிய பிறகு உங்களுக்கு விற்கட்டும். மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் பாருங்கள்.

டிராக்டர் ஓட்ட தனி லைசென்ஸ் வேண்டுமா?
காலி எடை 7,500 கிலோவுக்குள் உள்ள டிராக்டர் இலகுரக வாகனம் என்ற வகையில் வரும். அந்த லைசென்ஸ் போதும். கரையில்தானே என்று 18 வயது ஆகாத பையன்களிடம் கொடுக்காதீர்கள். குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் உண்டு.

வாங்கிய பிறகு உப்பில் இருந்து எப்படிக் காப்பது?
தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவுங்கள். சூடான என்ஜின் மேல் உடனே ஊற்ற வேண்டாம், ஆறட்டும். கிரீஸ் முனைகளில் புது கிரீஸ் அடியுங்கள், உள்ளே போன உப்புத் தண்ணீரை அது வெளியே தள்ளும். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். கியர் ஆயில் நிறத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க

✔ படகு, என்ஜின், வலை, மீன் எல்லாம் சேர்த்த எடை தெரியுமா?
✔ ஆறிய என்ஜினில் ஸ்டார்ட் ஆனதா?
✔ கியர் ஆயிலில் தண்ணீர் இல்லையா?
✔ கிளட்ச், இரண்டு பிரேக் சோதித்தாச்சா?
✔ மணலில் அரை மணி நேரம் இழுத்ததா?
✔ சேசிஸ், என்ஜின் எண் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா?
✔ கடன் பதிவு நீங்கியதா?
✔ இன்சூரன்ஸ், சலான் சரியா?
✔ விற்பவரின் மொபைலுக்கு ஓடிபி வருகிறதா?
✔ படிவம் 29, 30-ல் கையெழுத்து ஆனதா?

பத்துக்கும் "ஆமாம்" என்றால் பணம் கொடுக்கலாம். இணையத்தில் விண்ணப்பிக்கத் தயக்கமாக இருந்தால் பக்கத்து இ-சேவை மையத்தில் உதவி கேளுங்கள். அரசு சேவையில் குறை இருந்தால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ல் பதிவு செய்யலாம். இந்தப் பக்கத்தை உங்கள் ஊர்ப் படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் பகிருங்கள். அடுத்த புயல் எச்சரிக்கை வருவதற்குள் யாராவது ஒருவர் சரியான வண்டி வாங்க இது உதவட்டும்.